செத்த ராசாவை எழுப்பாதலே

ஏலே தம்பி, இங்கன வா. அந்தச் சுத்துற நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. முதுகுக்கு ஒரு மெத்தை, கழுத்துக்கு ஒரு மெத்தை, காதுல ரெண்டு கிண்ணம், கீபோர்டுக்கு அடியில பச்சையும் செவப்புமா சீரியல் லைட்டு. இத்தனையும் எதுக்கு? அயர்லாந்துல ரெண்டு ஊரை ஆளுததுக்கு. சரி, ஆளு. யாரு வேண்டாங்கா? ஆனா நீ ஆளுத லட்சணத்தை உம் முதுகுக்குப் பின்னால கட்டில்ல கெடந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதான் கேக்கேன். உன் ராசா ஏம்லே சாகவே மாட்டேங்கான்?

நேத்து ராத்திரி செத்தான்லா? வேட்டைக்குப் போனான், விழுந்தான், போய்ச் சேந்தான். எங்கண்ணால பாத்தேன். ஐயோ பாவம்னு ஒரு வாய் வெத்தல போட்டுட்டுத் திரும்புதேன், மனுசன் அரண்மனையில உக்காந்து விருந்து சாப்பிடுதான்! எமன் கையில இருந்து பிடுங்கிக்கிட்டு வர நீ என்ன சாவித்திரியா?

"பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணிட்டேன் தாத்தா"ங்க. அதைச் சொல்லும்போது ஒரு வெக்கம் வேண்டாமா?

எனக்கு இந்த வெளையாட்டு தெரியாதுன்னு நெனைக்காத. பேரு குருசேடர் கிங்ஸ். சுவீடன்ல ஸ்டாக்ஹோம்ங்க ஊர்ல பாரடாக்ஸ்னு ஒரு கம்பெனி செஞ்சது. 2004ல மொதப் பாகம், 2012ல ரெண்டாவது, 2020ல மூணாவது. நீ வச்சிருக்கது மூணாவது. 867லயும் தொடங்கலாம், 1066லயும் தொடங்கலாம். 1453ல கடையைச் சாத்திருவான். அதுவரைக்கும் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையா இழுத்துக்கிட்டுப் போகணும். ராசா செத்தா அடுத்த வாரிசு நீதான். நம்ம வம்சத்துல வாரிசே இல்லன்னா ஆட்டம் முடிஞ்சது. இதுல சண்டை போட்டு நாடு புடிக்கது கால்வாசிதான். மிச்ச முக்காலும் கலியாணம், பங்காளித் தகராறு, மாமனார் வீட்டு வருத்தம், யாரு யாரு கூடப் பேசுதா, யாரு யாரைப் பத்திக் கோள் சொல்லுதா. இதைக் கத்துக்கிட உனக்கு வீடியோ எதுக்குங்கேன்? உங்க பெரியாத்தாளைக் கூட்டியாந்து உக்கார வச்சா சாயங்காலத்துக்குள்ள ஐரோப்பாவையே சரிக்கட்டிருவா.

ஆனா நீ என்ன செஞ்ச? வாங்குன அன்னைக்கு வெளையாடல. "மொதல்ல கத்துக்கணும்"னு சொல்லிட்டு எவனோ ஒருத்தன் மணிக்கணக்காப் பேசுததைக் கேட்டு நோட்டுல குறிப்பு எடுத்த. பரிச்சைக்கு நீ அப்பிடி எடுத்து நான் பாத்ததில்ல. பொறவு டி.எல்.சி.ன்னு துணைச்சாமான் எல்லாம் வாங்குன. பாரசீகத்துக்கு ஒண்ணு, ஸ்பெயினுக்கு ஒண்ணு, வடக்கத்தி வைக்கிங்குக்கு ஒண்ணு, ராஜசபை வைக்க ஒண்ணு. அயர்லாந்துல உன் மன்ஸ்டர் எல்லையத் தாண்டி ஒரு தப்படி வைக்கல, உனக்குப் பாரசீகத்துல என்னலே சோலி?

அதெல்லாம் போகட்டும். காசு உங்க அப்பன் காசு. நான் சொல்ல வந்தது அந்த லோட் வியாதியைப் பத்தி.

சண்டையில தோத்தா லோட். பொண்டாட்டி பிரசவத்துல செத்தா லோட். புள்ள சோம்பேறியா வளந்தா லோட். விஷம் வச்சது வெளிய தெரிஞ்சா லோட். அன்னைக்கு உன் சித்தப்பனைத் தீத்துக்கட்டச் சதி பண்ணுனேல்லா, அதைத்தான் சொல்லுதேன். ஸ்கிரீன்ல ரெண்டு கணக்கு காட்டுதான். காரியம் நடக்க இத்தனை சதவீதம், நீதான்னு தெரியாம இருக்க இத்தனை சதவீதம்னு. நீ மேல உள்ளதை மட்டும் பாத்த. 95ன்னு வந்ததும் துள்ளுன. அந்த 95க்கு மேல அவன் ஏத்தவே மாட்டான், கவனிச்சியா? நீ எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் அஞ்சை அவன் கையிலயே வச்சுக்கிடுதான். அந்த அஞ்சு வந்துச்சு, சித்தப்பன் தப்பிச்சான், நீ லோட் பண்ணுன. ரெண்டாம் தடவை செத்தான். "ஜெயிச்சுட்டேன்"னு கத்துன.

என்னத்தலே ஜெயிச்ச? 20 சதவீதம்னு காட்டுனாலும் திரும்பத் திரும்ப லோட் பண்ணுனா ஒரு நேரம் நடந்துதான தீரும்? அப்போ உனக்கு 20ம் ஒண்ணுதான், 95ம் ஒண்ணுதான். இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குப் பயப்படுவான்? எதுக்குக் காசு மிச்சம் வைப்பான்? துணைக்கு ஆளு எதுக்குச் சேப்பான்? ரெண்டாவது புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கணும்னு எதுக்குத் தோணும்? மொதப் புள்ளதான் சாகவே விட மாட்டேங்கியே. ஒரு வருசம் கழிச்சு வந்து கேட்டாலும் "இன்னும் கத்துக்கிட்டு இருக்கேன் தாத்தா"ன்னுதான் சொல்லுவ. பொத்தான் எங்கன இருக்குன்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

உன்ன மாதிரி ஆளுக்குன்னுதான் அந்தக் கம்பெனிக்காரன் அயர்ன்மேன்னு ஒண்ணு வச்சிருக்கான். அதைப் போட்டுட்டா சேவ் பண்ணுதது உன் கையில இல்ல. அவனே எழுதிக்கிடுதான். இருக்கது ஒரே ஏடு. நடந்தது நடந்ததுதான். நானும் சந்தோசப்பட்டேன், பய திருந்திட்டான்னு. பாத்தா, தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் அவன் எழுததுக்கு முன்னாலயே ஆல்ட்டையும் எஃப் ஃபோரையும் சேத்து அமுக்கி வெளிய ஓடியாந்துருத! சேவ் ஃபைலைக் காப்பி எடுத்து வேற ஃபோல்டர்ல ஒளிச்சு வேற வைக்க. அந்த ஃபோல்டருக்கு 'புராஜெக்ட் ஒர்க்'னு பேரு. உங்க அம்மா நம்பிட்டா. அதுக்குப் பொறவு அச்சீவ்மென்ட்னு அவன் குடுத்த பட்டயத்தைக் கூட்டாளிகளுக்குப் படம் புடிச்சு அனுப்புத. அயர்ன்மேனாம். இரும்பு மனுசனாம்.

சரி, நெசமான ராசாக்க கதையைக் கேளு. நீ ஆரம்பிக்கது 1066 செப்டம்பர் 15ந் தேதி. அன்னைக்கு இங்கிலாந்து ஹெரால்டு கையில. நார்வே ராசா ஹார்ட்ராடா வடக்க வந்து எறங்கிட்டான், நார்மண்டி வில்லியம் தெக்க கப்பலேறக் காத்துக்கெடக்கான். செப்டம்பர் 25ல ஸ்டாம்ஃபோர்டு பாலத்துகிட்ட ஹார்ட்ராடாவை ஹெரால்டு முடிச்சுட்டான். அந்தச் சந்தோசம் மூணு வாரம் நிக்கல. அக்டோபர் 14ல ஹேஸ்டிங்ஸ்ல ஹெரால்டே போய்ட்டான். கிறிஸ்மஸ் அன்னைக்கு வில்லியம் தலையில கிரீடம். நீயா இருந்தா ஹெரால்டை எத்தனை தடவை எழுப்பியிருப்ப? வெளையாட்டுல இந்த மூணுபேருல யாரு வேணும்னாலும் ஜெயிக்கலாம், அதுதான் அதுல ருசியே. நீ ஓரமா அயர்லாந்துல இருந்து வேடிக்கை பாரு, காசு செலவில்லாத சினிமா.

ஜெயிச்ச வில்லியம் வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? இருந்த பயக ராபர்ட், ரூஃபஸ், ஹென்றின்னு மூணுபேரு. ஒருநா மூத்தவன் ராபர்ட் கூட்டாளிகளோட கீழ நிக்கான். மாடியில இருந்து தம்பிக ரெண்டுபேரும் அவன் தலையில தண்ணியக் கொட்டிட்டானுக. நல்ல தண்ணி இல்லன்னு வச்சுக்க. அப்பன் சரியாக் கண்டிக்கலன்னு ராபர்ட்டுக்கு ரோசம் வந்துட்டு. நேராப் போய் ரூவான் கோட்டையப் புடிக்கப் பாத்தான், அப்பன் மேலயே படை திரட்டுனான். ஒரு குடம் தண்ணியில உள்நாட்டுப் போரு! இது வெளையாட்டுல வந்திருந்தா "இதெல்லாம் நம்புத மாதிரியாலே இருக்கு"ன்னு கம்பெனிக்காரனைத் திட்டியிருப்ப.

1087ல வில்லியம் செத்தான். மூச்சு நின்ன ஒடனே பக்கத்துல இருந்த பெரிய மனுசங்க அவனவன் சொத்தைப் பாக்கக் குதிரையேறிட்டானுகளாம். மிச்சம் நின்ன வேலைக்காரங்க பாத்திரம், பண்டம், துணிமணின்னு கெடைச்சதைச் சுருட்டிக்கிட்டானுகளாம். அந்தக் காலத்துச் சாமியார் ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு. நார்மண்டி ராபர்ட்டுக்கு, இங்கிலாந்து ரூஃபஸுக்கு, கடைக்குட்டி ஹென்றிக்கு மண்ணு கெடையாது, 5000 பவுன் வெள்ளி மட்டும். ஹென்றி அழுதானா? அந்த வெள்ளியை எடை போட்டு வாங்கி வச்சுக்கிட்டுப் பேசாம இருந்தான். 1100 ஆகஸ்ட் 2ல ரூஃபஸ் வேட்டையில அம்பு பட்டுச் செத்தான். எவன் அம்புங்கதுல இன்னைக்கு வரைக்கும் பேச்சு இருக்கு. ஹென்றி அண்ணனைப் பொதைக்கக்கூட நிக்கல. நேரா வின்செஸ்டருக்கு ஓடிக் கஜானா சாவியைக் கையில வாங்குனான். ஆகஸ்ட் 5ல முடி சூட்டிக்கிட்டான். 1106ல மூத்தவன் ராபர்ட்டையும் புடிச்சு உள்ள போட்டான். 1134ல ராபர்ட் செத்ததும் செறைக்குள்ளதான். சும்மா கெடைச்ச சின்னப் பங்கை வச்சுக்கிட்டு ஒருத்தன் எப்பிடி நகந்தான் பாத்தியா? நீயா இருந்தா, "கடைக்குட்டி கேரக்டர் வீக்கு"ன்னு முதல் நாளே லோட் பண்ணியிருப்ப.

ஆனா அந்தக் கெட்டிக்காரனுக்கும் ஒரு ராத்திரி வந்துச்சு. ஹென்றிக்கு வெளிய பெத்த புள்ளைக 20க்கு மேல. முறைப்படி பொறந்த ஆம்பளப் புள்ள வில்லியம் ஒருத்தன்தான். 1120 நவம்பர் 25ல பார்ஃப்ளர் துறைமுகத்துல இருந்து வெள்ளைக் கப்பல்னு ஒரு கப்பல் கெளம்புச்சு. கப்பல்காரன்ல இருந்து எளவரசன் வரைக்கும் நல்ல தண்ணி. கொஞ்ச தூரத்துலயே பாறையில மோதி முங்கிட்டு. பொழைச்சது ரூவான் ஊரு கசாப்புக்காரர் ஒருத்தர் மட்டும். ராசா புள்ள போச்சு, கசாப்புக்காரர் கரையேறிட்டார். இன்னொரு கூத்து கேளு. ஹென்றியோட அக்கா மவன் ஸ்டீஃபன், ஏறுன கப்பல்ல இருந்து எறங்கிட்டான். வயித்துப்போக்காம்! 1135ல ஹென்றி செத்ததும், மக மட்டில்டாவுக்குத்தான் பட்டம்னு சத்தியம் பண்ணிக் குடுத்த பெரிய மனுசங்க எல்லாரும் அந்தச் சத்தியத்தை மறந்துட்டானுக. முடி யாருக்கு? வயித்துப்போக்குக்காரனுக்கு. பொறவு பதினெட்டு வருசம் நாடே அடிச்சுக்கிட்டுச் செத்துச்சு.

ஹென்றி 35 வருசம் ஆண்டான். அவன்கிட்ட லோட் பொத்தான் இருந்திருந்தா ஒரே ஒரு தடவைதான் அமுக்கியிருப்பான். அந்தப் பொத்தான் இல்லாததுனாலதான் அவன் கதையை 900 வருசம் கழிச்சு நான் உனக்குச் சொல்லுதேன். உன் மன்ஸ்டர் ராசா முர்ச்சாத் கதையை நீ யாருக்குலே சொல்லுவ? "விழுந்தான், எழுந்தான், விழுந்தான், எழுந்தான்." கேக்க ஒருத்தன் உக்காருவானா?

இப்போ காரியத்துக்கு வாறேன்.

சின்ன எடத்துல ஆரம்பி. பைசாந்தியம் பாக்கப் பளபளன்னு இருக்கும், நீ அங்கன போன மாசமே கண்ணைத் தோண்டிருவானுக. கம்பெனிக்காரனே பாடம் சொல்லிக் குடுக்கதுக்கு மன்ஸ்டர் முர்ச்சாத்தைத்தான் தேந்தெடுத்து வச்சிருக்கான். 1014ல குளோன்டார்ஃப் சண்டையில செத்தாரே பிரையன் போரு, அவருக்குப் பேரன். நெசமான முர்ச்சாத் 1068லயே முடிஞ்சுட்டான். அதனால நீ அதுக்கு மேல அவனை ஒரு நாள் உசுரோட வச்சிருந்தாலும் லாபம்தான், மூக்கைச் சிந்தாத. சுத்தி எல்லாம் உன் அளவு ராசாக்க. அடிச்சா வலிக்கும், சாவ மாட்ட.

கலியாணத்தைச் சண்டைக்கு முன்னால முடி. உன் ராசாவுக்குப் பொண்ணு பாக்கும்போது நீ எதைப் பாக்குத? அழகி, அறிவாளி, பொறக்கப் போற புள்ளைக்கு நல்ல குணம் எறங்கும்னு ஜாதகம் பாக்குத. சரிதான், அதுவும் வேணும். ஆனா அவ அப்பன் எத்தனை ஆளு அனுப்புவான்? அதைக் கேட்டியா? மாமனார் படையை நம்பித்தான் சின்ன ராசா பொழைக்கணும். அந்த மாமனாருக்கு என்ன வயசுன்னும் பாரு. அவன் மண்டையைப் போட்டா, மச்சான் உன்னைத் திரும்பிப் பாக்க வேண்டிய அவசியம் இல்ல. சண்டை நடுவுல "ஒப்பந்தம் முறிஞ்சது"ன்னு மணியடிக்கும், நீ பேந்தப் பேந்த முழிப்ப.

பொம்பளப் புள்ள பட்டத்துக்கு வார நெலைமைன்னா ரெண்டு மடங்கு உசாரா இரு. சாதாரணமாக் கட்டிக் குடுத்தா, பேரன் பேத்தி எல்லாம் மாப்ள வம்சம். அதுக்குத்தான் தாய்வழிக் கலியாணம்னு ஒரு கட்டம் வச்சிருக்கான், அதுல டிக்கு போடணும். மட்டில்டா ஆஞ்சு நாட்டு ஜெஃப்ரியைக் கட்டுனா. 1154ல அவ மவன் இங்கிலாந்துக்கு ராசாவா வந்தான். ரத்தம் வில்லியத்தோடதுதான், ஆனா கொடி மாப்ள வீட்டுக் கொடி. இங்கிலாந்துக்காரன் கதை எதுக்கு, அந்த மேப்பை அப்பிடியே கெழக்க இழுத்துப் பாரு. நம்ம சோழ நாடும் அதுல கெடக்கு. 1066ல ஆண்டது வீரராஜேந்திரன். 1070ல அவன் செத்தான், மவன் அதிராஜேந்திரன் சில மாசம்கூட நெலைக்கல. யாரு வந்தா? ராஜேந்திர சோழன் வேங்கிக்குக் கட்டிக் குடுத்த மக அம்மங்கா தேவி பெத்த பிள்ளை. முதலாம் குலோத்துங்கன். 1122 வரைக்கும் அசைக்க ஆளில்ல. அவன் அப்பன் வீட்டுக் கொடி சாளுக்கியக் கொடி. நீ சோழனா வெளையாடிக்கிட்டு இருந்து, மக வயித்துக் கணக்கை விட்டேன்னு வையி, அன்னைக்கோட உன் ஆட்டம் முடிஞ்சது. ஊருக்குச் சோழன், கம்பெனிக்காரன் கணக்குல வேற வம்சம்.

மந்திரிக அஞ்சுபேரு இருக்காங்க. அதுல நீ போட முடியுத எடத்துல எல்லாம் கெட்டிக்காரனைப் போடு, ஒத்தர்படைக்குத் தலைவனா மட்டும் உம்மேல பிரியமானவனைப் போடு. மத்தவன் வேலை தெரியாதவனா இருந்தா வரி கொறையும், அம்புட்டுத்தான். ஒத்தர் தலைவன் உம்மேல கடுப்புல இருந்தா உனக்கே குழி வெட்டுவான், குழி வெட்டுதவனைக் கண்டுபுடிக்க வேண்டியவனும் அவன்தான். இது வீடியோவுல சொல்லியிருக்கானா? சொல்லியிருப்பான். நீ அந்த நேரம் சிப்ஸ் தின்னுக்கிட்டு இருந்திருப்ப.

இனிமேதான் பெரிய விசயம். உன்னை அதிகமா லோட் பண்ண வைக்கது எது? நான் கவனிச்சுட்டேன். அப்பன் சாகுத நாள். அப்பன் ஏழு ஊரு வச்சிருக்கான்னு வையி, மூணு பயக. அப்பன் கண்ணை மூடுன மறு நொடி ஏழு ஊரு மூணா ஒடையுது. நீ மூத்தவனா முழிக்க, கையில தலைநகரமும் சில்லறையும்தான் நிக்கி. தம்பிமாரு ரெண்டுபேரும் எதிர்த்த கட்சி. "அநியாயம், பக்"ங்க. அது பக்கு இல்லலே, பாகப்பிரிவினை! எங்க அப்பன் காலத்துல நாலு அண்ணந்தம்பிக்கு ஒரே கிணறு. கால் கால் பங்கு. முறைத்தண்ணி. இன்னைக்கு உனக்குன்னா நாளைக்கு எனக்கு. மோட்டார் காயில் எரிஞ்சுட்டுன்னா யாரு காசு போடதுன்னு பஞ்சாயத்து, அதுக்குள்ள நாலு வயலும் காஞ்சு போவும். அதை ஒழுங்கா நடத்திக்கிட்டுப் போன அப்பன்மாரும் இருக்காங்க, கோர்ட்டுல விட்டுட்டுச் செத்தவங்களும் இருக்காங்க. வித்தியாசம் என்ன? ஒழுங்கா நடத்துனவன் நடமாடிக்கிட்டு இருக்கும்போதே எந்தத் துண்டு எவனுக்குன்னு வரப்பு போட்டுக் காட்டிட்டுத்தான் படுத்தான்.

அதையேதான் நீயும் செய்யணும். மூத்தவனுக்குத் தலைநகரம் போவும்ங்கது விதி. அப்போ மாளிகை, கோட்டை, வயல்னு கட்டுததெல்லாம் தலைநகரத்துலயே கட்டு. ஓரத்து ஊருல கொண்டுபோய்க் காசைக் கொட்டாத, அது தம்பிக்குப் போறது. சின்னவங்க பங்குக்கு இளிச்சவாய் ஊரா ரெண்டைப் பாத்து, நீ இருக்கும்போதே எழுதிக் குடுத்துரு. அது அவன் பங்குல கழிஞ்சுரும், நல்ல ஊரு பெரியவனுக்குத் தங்கும். ஒருத்தனை மடத்துக்கு அனுப்பப் பாரு, சாமியாருக்குச் சொத்து கெடையாது. போவ மாட்டேன்னா சண்டையில முன்வரிசையில விடு, கடவுள் விட்ட வழி. நானா சொல்லுதேன்? வெளையாட்டைச் சொல்லுதேன், உன் தம்பியை அப்பிடிப் பாக்காத. எல்லாம் மூத்தவனுக்கேங்க சட்டம் ஆட்டத்தோட பின்பாதியிலதான் கைக்கு வரும். அதுவரைக்கும் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பாகப்பிரிவினை நிச்சயம். அதை எதிர்பாத்துக் காசை மட்டும் சேத்து வையி. சிம்மாசனம் ஏறுன கொஞ்ச வருசம் எவனும் உன்னை மதிக்க மாட்டான், கூலிப்படைக்காரன் மட்டும் மதிப்பான். காசு கண்டா.

மூத்தவன் மக்குன்னு வந்துட்டா? அட, அதுதான்லே திருவிழா! கோவக்காரன், குடிகாரன், கஞ்சன், எவனையாவது கண்டு எப்பவும் பயந்து நடுங்குதவன், இப்பிடி ஒருத்தன் வாய்ச்சா நீ மொதல்ல அவன் மொகத்தைப் பாரு. அந்தக் கம்பெனிக்காரன் அதையெல்லாம் மூஞ்சியிலயே வரைஞ்சு வச்சிருக்கான். பொறவு அவன் போக்குல போ. எரக்கக் குணம் உள்ளவனை உக்கார வச்சுக் கைதி தலையை வெட்டச் சொன்னா மன உளைச்சல் ஏறும். ஏறி ஏறி ஒருநாள் ஒடைஞ்சு, குடிக்க ஆரம்பிப்பான், இல்லன்னா வேற கூத்து பண்ணுவான். கஞ்சனைத் தானம் பண்ணச் சொன்னாலும் அதே கதைதான். எவனைப் பாத்தாலும் ஒரே மாதிரி நடத்தணும்னு நோட்டுல எழுதி வச்சிருக்கியே, அதைக் கிழிச்சுப் போடு. கோவக்காரன் காலத்துல சண்டை, கூச்சக்காரன் காலத்துல கட்டடம், பக்திமான் காலத்துல பாதிரியாரை வச்சுப் பக்கத்து ஊருக்குப் பொய்ப் பத்திரம் ஜோடிக்கது. இதுக்கு முந்தின பாகத்துல பைத்தியம் புடிச்ச ராசா குதிரையை மந்திரியாக்குவான், தெரியுமா? அந்தக் குதிரை பேரை வெளையாடுதவன் எல்லாரும் இன்னைக்கும் சொல்லிச் சிரிக்கான். நல்லா ஆண்ட ராசா பேரு ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல.

தோக்கவும் படிக்கணும். ஒரு ஊரு கேட்டு எவனாவது படையோட வந்தா, ஆளை எண்ணு. நமக்கு ரெண்டு மடங்கா? ஊரைக் குடுத்துட்டுப் படையைக் காப்பாத்து. நீ கடைசிக் காசு வரைக்கும் கடன் வாங்கிச் சண்டை போட்டு, ராசாவும் சிக்கி, மீட்புப் பணமும் கட்டி, அதுக்குப் பொறவு ஊரையும் குடுக்க. முன்னாலயே குடுத்திருந்தா ஊரு மட்டும் போயிருக்கும். ரொம்ப முடியலன்னா பக்கத்துப் பெரிய ராசாவுக்கு அடங்கிப் போயிரு. அதுக்கும் வழி வச்சிருக்கான். "மானம் போயிரும்"ங்க. என்ன மானம்? அவன் படை உன் வாசல்ல காவல் நிக்கும், நீ உள்ள இருந்துக்கிட்டு அவன் மந்திரிசபையில எடம் புடிச்சு, அவன் ரகசியத்தைத் தோண்டி எடுத்து, ரெண்டு தலைமுறையில அவன் நாற்காலியிலயே உக்காரலாம். வெளிய இருந்து மோதுனவனைவிட உள்ள இருந்து சிரிச்சவன்தான் ஐரோப்பாவுல அதிகம் ஜெயிச்சிருக்கான்.

வேகத்தைக் கொறை. அஞ்சாம் வேகத்துல ஓட விட்டுட்டு மொபைலைப் பாத்தா, உன் மக யாரைக் கட்டுனா, உன் பொண்டாட்டி யாரு கூடப் பேசுதா, ஒண்ணும் தெரியாது. நிறுத்துத பொத்தானை எத்தனை தடவை வேணும்னாலும் அமுக்கு. யோசிக்கதுக்கு எவனும் உன்னைக் கேலி பண்ண மாட்டான். யோசிச்சுட்டு அமுக்குனதை மட்டும் திரும்பி வாங்காத.

நெசமாவே வெளையாட்டு கோளாறாகி ராசா நடுக்கடல்ல ஆணியடிச்சு நின்னுட்டான்னா, அப்போ லோட் பண்ணிக்க. கோவிச்சுக்கிட மாட்டேன். ஆனா "கோளாறு"ன்னு நீ சொல்லுத ஒவ்வொண்ணும் உன் தம்பி படையெடுத்து வார நேரமாப் பாத்து வருது. அது எப்பிடிலே? போன தடவை "கரண்டு போயிட்டு தாத்தா, கேம் தானா அணைஞ்சுட்டு"ன்ன. ஃபேன் எந்தலைக்கு மேல சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. யு.பி.எஸ். வாங்கிக் குடுத்ததும் எம் பென்சன் காசுதான். போ, போய்ச் சாப்பிட்டுட்டு வா. உன் சின்னத் தம்பி கோட்டை வாசல்ல நிக்கான், அவன் எங்கயும் போயிர மாட்டான். நான் பாத்துக்கிடுதேன். அந்த எஃப் ஃபோர் பொத்தானைப் பேத்து என் வெத்தலப் பெட்டியில வச்சிருக்கேன், தேடாத.